அமானத்துக் கரண்டி



உங்கள் இல்லத்துத் தகரப் பெட்டியிலோ, பாட்டியார் சீதனமாகக் கொண்டுவந்த தேக்குமரப் பேழையிலோ பழைய வெள்ளிக் கரண்டி ஒன்று துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கக் கூடும். பினாங்கு, மேடான், பத்தாவியா, கொழும்பு என்று கடல் கடந்து பிழைத்த முன்னோரைப் பெற்ற குடும்பங்களில் இது அரிதன்று. அதன் காம்பு முனையில் ஒரு பாய்மரக் கப்பலோ, காற்றாலையோ, குடம் சுமந்த பெண்ணுருவோ அமைந்திருக்குமாயின், அது ஒல்லாந்து நாட்டு வேலைப்பாடாக இருப்பதற்கு வாய்ப்புண்டு. அத்தகைய கரண்டியை விற்கும் முன்போ, பங்கிடும் முன்போ, நான் எழுதப்போகும் இந்த அனுபவத்தை ஒருமுறை வாசித்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று கரண்டிகள் இருந்தன. அவற்றால் ஓராண்டுக் காலம் உடன்பிறந்தோர் மூவரும் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தோம்.

என் உம்மா 2019ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார்கள். நாகூரில் உள்ள வீட்டையும் நகைகளையும் பாகம் பிரிக்க அமர்ந்தபோது, உம்மாவின் பெட்டியின் அடியில் பச்சைத் துணியில் சுற்றிய அந்த மூன்று கரண்டிகளும் வெளிவந்தன. எங்களுக்கு அவை புதியவையல்ல. ஒவ்வொரு ரமழானுக்கு முன்பும் உம்மா அவற்றை வெளியே எடுத்துச் சாம்பலும் புளியும் இட்டுத் தேய்த்து, மறுபடியும் சுற்றி வைப்பதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறோம். வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதையும் பருகுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால் எங்கள் வீட்டில் எவரும் அவற்றால் ஒரு வாய்க் கஞ்சி கூடக் குடித்ததில்லை. "அமானத்துக் கரண்டி" என்றுதான் உம்மா சொல்வார்கள். வேலூர்ச் சேலை, பர்மா மரம் என்பது போல அதுவும் ஒரு பெயர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அச்சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்பதை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை.

அவற்றைக் கொண்டுவந்தவர் உம்மாவின் வாப்பா. டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சுமாத்ராவின் மேடான் நகரில் துணிக்கடை வைத்திருந்த சபராளி. அந்நகரைச் சூழ்ந்த டெலி நாட்டுப் புகையிலைத் தோட்டங்கள் உலகப் புகழ் பெற்றவை. தோட்டத்து வெள்ளைக்கார எழுத்தர்களும் மேற்பார்வையாளர்களும் எங்கள் பாட்டனாரிடம் துணி எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். 1938இல் அவர்கள் நிரந்தரமாக ஊர் திரும்பியபோது இக்கரண்டிகளும் உடன் வந்தன.

மூன்றில் பெரியது கண்ணைப் பறிப்பது. முறுக்கிய காம்பு, அதன் உச்சியில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல், கரண்டியின் குழிவுக்குள்ளே கடற்கரைக் காட்சி ஒன்று புடைப்பாக அடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது சிறியது, தேயிலை அள்ளுவதற்கானது. அதன் முனையில் உள்ள காற்றாலையின் இறக்கைகள் விரலால் தட்டினால் சுழலும். மூன்றாவது, பார்வைக்கு ஒன்றுமில்லாத வெறும் கரண்டி. அதன் முதுகில் ஏதோ ஒல்லாந்து எழுத்தில் ஒரு பெயரும் தேதியும் பொறித்திருந்தன.

என் தம்பி கப்பல் கரண்டியைச் சென்னையில் ஒரு பழம்பொருள் வணிகரிடம் காட்டினான். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, "இது பதினேழாம் நூற்றாண்டுப் பொருள், டச்சுக் கம்பெனி நாகப்பட்டினத்தை ஆண்ட காலத்தது, பன்னிரண்டு இலட்சத்துக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டார். டச்சுக்காரர் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் இருந்தது உண்மையாதலால், சொன்னதும் பொருத்தமாகவே ஒலித்தது. தம்பிக்கு அப்போது கடன் நெருக்கடி. வீட்டுப் பங்கை விட்டுக் கொடுத்துக் கப்பல் கரண்டியைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். ராத்தாவோ, "பன்னிரண்டு இலட்சத்தை மறைத்து வீட்டுப் பங்கை விட்டுக் கொடுப்பதாகச் சொல்கிறாயா?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த ஒரு கேள்வி போதுமாயிற்று. பெருநாளைக்கும் எவரும் எவர் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வெள்ளியைப் பற்றி ஒன்றும் அறியாதவன். ஆயினும், சண்டைக்குக் காரணமான பொருள் என்னவென்றே தெரியாமல் சண்டையிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ராத்தாவின் மகன் ராட்டர்டாமில் பணிபுரிகிறான். அவனிடம் படங்களை அனுப்பி, அவன் அங்கே விசாரித்துச் சொல்ல, நான் இங்கே லென்ஸும் கையுமாக உட்கார்ந்து, இருவருமாகச் சில மாதங்களில் கற்றதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. ஐரோப்பிய வெள்ளிப் பொருளின் வயதை அதன் அழகு சொல்லாது; அதன் மீது குத்தப்பட்ட முத்திரைகளே சொல்லும். அவை மிளகளவுகூட இரா. கரண்டியில் பெரும்பாலும் காம்பின் பின்புறத்திலோ குழிவின் முதுகிலோ இருக்கும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். முத்திரை தேய்ந்து தெளிவின்றி இருந்தால், மெழுகுவர்த்திச் சுடரின் மேல் அவ்விடத்தைக் காட்டிப் புகைக்கரி படியவிட்டு, ஒட்டுநாடாவை அதன் மேல் அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் தாளில் தெரியும். எங்கள் உம்மா அறுபது ஆண்டுகள் சாம்பலிட்டுத் தேய்த்ததில் பாதி முத்திரைகள் மங்கிப் போயிருந்தன. தாய்மார்களே, வெள்ளியைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் அதன் சாட்சியத்தை அழித்துவிடாதீர்கள். மென்மையான துணியால் துடைப்பதே போதும்.

ஒல்லாந்து நாட்டில் இம்முத்திரை முறைக்கு இரண்டு காலங்கள் உண்டு. முந்தைய காலத்தில் ஒவ்வொரு நகரத்துப் பொற்கொல்லர் சங்கமும் தானே வெள்ளியைச் சோதித்து முத்திரையிட்டது. ஆம்ஸ்டர்டாமுக்கு மகுடம் சூடிய மூன்று பெருக்கற் குறிகள். ஹேக் நகருக்கு நாரை. ஹார்லெமுக்கு நட்சத்திரங்கள் சூழ்ந்த வாள். அவற்றோடு சிங்கமும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், செய்தவரின் குறியும் சேர்ந்து வரும். 1798இல் இச்சங்கங்கள் கலைக்கப்பட்டன. பிறகு நெப்போலியன் காலத்துக் குழப்பம். 1810இல் நாடே பிரான்சோடு சேர்க்கப்பட்டு, 1813இல் விடுபட்டது. 1814 முதல் நாடு முழுவதற்கும் ஒரே அரசு முறை வந்தது.

அந்த 1814ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே எங்கள் வழக்கைத் தீர்த்தது.

புதிய முறையில் வெள்ளிக்கு இரண்டு தரங்கள். ஆயிரத்தில் 934 பங்கு தூய வெள்ளி இருந்தால், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் 1 என்ற எண்ணும். 833 பங்கு இருந்தால், நடந்து செல்லும் சிங்கமும் 2 என்ற எண்ணும். 1953இல் சட்டம் மாறி 925, 835 என்று தரங்கள் வரும் வரை இதுவே நிலை. இச்சிங்கத்தோடு, ரோமரின் பழங்கதைகளில் வரும் மினர்வா என்பவளின் தலைக்கவசமணிந்த தலை ஒன்று குத்தப்படும். அக்கவசத்தின் மேல் ஒரு நுண்ணிய எழுத்து இருக்கும். அது சோதனைச் சாலையைக் குறிக்கும். A என்றால் ஆம்ஸ்டர்டாம், C என்றால் ஹேக். பிறகு ஆண்டெழுத்து. பிறகு செய்தவரின் பெயர் முதலெழுத்துகளும் சிறு சின்னமும். ஆக, நான்கு முத்திரைகள் தெளிவாக இருந்தால் எங்கே, எப்போது, எந்தத் தரத்தில், யாரால் என்பது எல்லாம் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பத்திரப் பதிவில்கூட இத்தனை ஒழுங்கு இராது.

மிகச் சிறிய, மெல்லிய பொருள்களில் நான்கு முத்திரைகளைக் குத்த இடமிராது. அவற்றுக்கென ஒரு குட்டி வாள் முத்திரையை வைத்தார்கள். இதுவும் 1814இல் தொடங்கியதே. 1906இல் அவ்வாளின் வடிவத்தைச் சற்றே மாற்றினார்கள். காற்றாலைக் கரண்டியைத் திருப்பிப் பார்த்தேன். காம்பின் ஓரத்தில் எறும்பளவில் ஒரு வாள். அதில் வியப்பில்லை.

வியப்பு கப்பல் கரண்டியில் இருந்தது. அதன் முதுகில் மகுடமணிந்த கேடயம், ஒரு சிங்கம், ஒரு பெரிய எழுத்து என்று கம்பீரமான மூன்று முத்திரைகள் வரிசையாக இருந்தன. சென்னை வணிகர் பார்த்ததும் இவற்றைத்தான். ஆனால், மருமகன் அனுப்பிய பழைய நகர முத்திரைகளோடு ஒப்பிட்டால் எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. கேடயம் எந்த நகரத்தினுடையதும் அன்று. சிங்கமும் பழைய சிங்கம் போல இருக்கிறதேயன்றி அதுவன்று. ஒரு வாரம் குழம்பினேன். பிறகு ஒரு நாள் இரவு, மின்சாரம் போனதால் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோது, காம்பின் முறுக்கு தொடங்குமிடத்தில், எவரும் தேடாத மூலையில் அந்தக் குட்டி வாள் தென்பட்டது.

1814க்கு முன்பு அந்த வாள் முத்திரையே இல்லை. பதினேழாம் நூற்றாண்டுக் கரண்டியில் அது எப்படி வரும்? வாளின் படத்தை மருமகன் ஸ்கோன்ஹோவன் என்ற ஊருக்கு எடுத்துச் சென்றான். லெக் ஆற்றங்கரையில் உள்ள அச்சிற்றூர் வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்றது. அங்கே வெள்ளிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கு விளங்கியது: வாள் 1906க்கு முந்தைய வடிவம், கரண்டி ஏறக்குறைய 1900ஐ ஒட்டியது.

அப்படியானால் அந்தக் கம்பீரமான மூன்று முத்திரைகள்? அவை அலங்காரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியருக்குத் தம் முன்னோர் காலத்துப் பொருள்கள் மீது ஏக்கம் பிறந்தது. சுற்றுலாப் பயணிகளும் பெருகினார்கள். பழைய பாணியில் கப்பலும் காற்றாலையும் வைத்த கரண்டிகளை ஒல்லாந்திலும், ஜெர்மனியின் ஹானவ் நகரிலும் ஆயிரக்கணக்கில் செய்து விற்றார்கள். பழமைத் தோற்றம் முழுமையாக இருக்கட்டும் என்று பழைய முத்திரைகளைப் போன்ற பொய்க் குறிகளையும் குத்தினார்கள். இதை முழு மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். சட்டப்படியான வாள் முத்திரையும் அதே கரண்டியில் இருக்கிறதே! தெரிந்தவனை அது ஏமாற்றாது. தெரியாதவன் மட்டுமே ஏமாறுவான். ஆனால், இவ்வுலகில் தெரியாதவர்கள்தாம் அதிகம் என்பதை அதைச் செய்தவரும் அறிந்தே இருந்திருப்பார்.

முத்திரையே இல்லாவிட்டாலும், உற்று நோக்கினால் பொருள் பேசும். பதினேழாம் நூற்றாண்டுக் கரண்டி உண்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் குழிவு அத்திப்பழ வடிவில் அகன்றிருக்கும். உறுதியாக, வழவழப்பாக இருக்கும். குழிவுக்குள் கடற்கரைக் காட்சியைப் புடைத்து வைத்தால் அதில் கஞ்சி அள்ள முடியுமா? கழுவத்தான் முடியுமா? உட்புறம் சித்திரம் அடித்த கரண்டி கண்ணாடி அலமாரிக்குச் செய்ததே. அடுத்து, தேய்மானம். பல்லாண்டு உண்ட கரண்டியின் நுனி ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். வலக்கையால் உண்பவர் தட்டின் அடியைச் சுரண்டும்போது குழிவின் இடது ஓரம் தேயும். எங்கள் கப்பல் கரண்டியின் நுனி செய்த நாளில் இருந்தது போலவே வட்டமாக இருந்தது.

இன்னொரு குறியையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் எவருக்கேனும் பயன்படலாம். ஒல்லாந்து வெள்ளியில் சிறு கோடரி முத்திரை இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். செல்லாத பழைய முத்திரைகளைக் கொண்ட உள்நாட்டுப் பொருள் மறுபடி வணிகத்துக்கு வந்தபோது, 1853 முதல் 1927 வரை அரசு இட்ட அடையாளம் அது. கோடரி இருந்தால், அது உண்மையில் பழைய பொருளாக இருக்க வாய்ப்புண்டு. எங்கள் கரண்டியில் கோடரி இல்லை.

தம்பியிடம் இதைச் சொல்லச் சென்றபோது என் கால் தயங்கியது. பன்னிரண்டு இலட்சம் என்ற நம்பிக்கையில் அவன் இரு இடங்களில் தவணை சொல்லியிருந்தான். லென்ஸை அவன் கையிலேயே கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தான். "வாள்தான், நானா" என்று சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்தான். வேறொன்றும் பேசவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் ஏமாற்றக் கதை. எவரும் பொருட்படுத்தாத மூன்றாவது கரண்டி பாக்கி இருந்தது.

அதில் நான்கு முத்திரைகளும் இருந்தன. நடக்கும் சிங்கமும் 2ம், மினர்வாவின் கவசத்தில் A, செய்தவர் குறி, D என்ற ஆண்டெழுத்து. ஆண்டெழுத்து A முதல் Z வரை சென்று மறுபடி A வரும். எழுத்து ஒன்றை விட்டுவிடுவதால் ஒரு சுற்று 25 ஆண்டுகள். 1835, 1860, 1885, 1910 ஆகியவை A தொடங்கிய ஆண்டுகள். எனவே D என்பது 1838, 1863, 1888, 1913 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்தின் வடிவம் மாறும். தேய்ந்த எழுத்தில் அதைக் காண்பது எளிதன்று. இங்கேதான் முதுகில் பொறித்திருந்த பெயரும் தேதியும் கைகொடுத்தன. பொறித்திருந்த ஆண்டு 1888.

பொறிக்கப்பட்ட தேதியை மட்டும் நம்பிப் பொருளின் வயதைச் சொல்லக் கூடாது. எவரும் எந்தத் தேதியையும் பின்னாளில் பொறிக்கலாம். அலங்காரக் கரண்டிகளில் 1650 என்று பொறித்து விற்றதும் உண்டு. ஆனால், முத்திரையும் பொறிப்பும் தனித்தனியே ஒரே ஆண்டைச் சொன்னால் அது வலுவான சாட்சியம். இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்வது போல. பொறிப்பின் விளிம்புகளும் சுற்றியுள்ள வெள்ளியோடு சேர்ந்து ஒரே அளவில் மழுங்கியிருந்தன. நுனியின் இடது ஓரம் நன்றாகத் தேய்ந்திருந்தது. யாரோ அதனால் பல்லாண்டுகள் உண்டிருக்கிறார்.

ஒல்லாந்தில் கரண்டி வெறும் பாத்திரமன்று, நினைவுப் பொருள். குழந்தை பிறந்தால் பெயரும் பிறந்த நாளும் பொறித்துப் பிறப்புக் கரண்டி அளிப்பார்கள். வடக்கே ஃபிரீஸ்லாந்துப் பகுதியில் இவ்வழக்கம் மிகுதி. திருமணத்துக்கும் உண்டு. மரணத்துக்கும் முன்னாளில் இருந்தது, இறந்தவரின் பெயரும் நாளும் பொறித்த கரண்டியைச் சவப்பெட்டி சுமந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சந்தூக்குச் சுமந்தவருக்குக் கரண்டியா என்று எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. அவரவர் வழக்கம் அவரவர்க்கு.

ஆகவே, எங்கள் மூன்றாவது கரண்டி 1888இல் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் அளித்த பிறப்புக் கரண்டி. அப்படிப்பட்ட ஒன்றை எவர் கடைக்கு விற்பார்? எங்கள் பாட்டனார் கைக்கு அது எப்படி வந்தது? அப்போதுதான் உம்மா சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அமானத்து!

பாட்டனாரின் கணக்குப் புத்தகங்கள் சாச்சி வீட்டுப் பரணில் இருந்தன. சாச்சி என் உம்மாவின் தங்கை. அப்போது அவர்களுக்கு வயது எண்பத்தெட்டு. புத்தகங்கள் முழுவதும் அரபுத்தமிழில். அரபி எழுத்தில் தமிழை எழுதும் அம்முறையில் வாசிக்க எங்கள் குடும்பத்தில் சாச்சியைத் தவிர எவருமில்லை. இளமையில் ஓதும் பள்ளியில் கற்றதை வைத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று வாசித்தார்கள். பத்தொன்பதாம் நாள் ஒரு பக்கத்தில் விரல் நின்றது. ஹிஜ்ரி 1350, ரஜப் மாதம். அதாவது 1931ஆம் ஆண்டின் கடைசி. ஒரு தோட்ட எழுத்தரின் பெயர். அது கரண்டியில் பொறித்திருந்த அதே பெயர். "வேலை போய்விட்டது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றார். நாற்பது கில்டர் கர்ழன் ஹஸனா. வேண்டாமென்றும் கேளாமல் கரண்டி மூன்றை ஈடாக வைத்துச் சென்றார். அமானத்து." அவ்வளவே. அதன் கீழே வரவு எழுதப்படவில்லை.

உலகப் பொருளாதார வீழ்ச்சியில் சுமாத்ராத் தோட்டங்கள் வெள்ளைக்கார ஊழியர் பலரை வேலையிலிருந்து நிறுத்திய காலம் அது. தம் நாற்பத்து மூன்றாம் வயதில் அம்மனிதர் தம்முடைய பிறப்புக் கரண்டியைக் கொண்டுவந்து எங்கள் பாட்டனாரின் கடைப் பலகை மீது வைத்திருக்கிறார்.

எங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டோம். மூவரும் சேர்ந்தே சென்றோம். ஓராண்டுக்குப் பிறகு அன்றுதான் ஒரே காரில் ஏறினோம். அவர் புத்தகப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஈடு வைத்த பொருள் எத்தனை ஆண்டு கழிந்தாலும் கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகாது. உங்கள் உம்மாவின் சொத்தில் இதைச் சேர்த்ததே தவறு. முதலில் உரியவரையோ அவருடைய வாரிசையோ தேடுங்கள்" என்றார். ராத்தா அழுதுவிட்டார்கள். நாங்கள் எங்களுடையதல்லாத ஒன்றுக்காக ஓராண்டு பேசாதிருந்தோம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது, எனக்கும்.

தேடினோம். ஒல்லாந்தில் பிறப்புப் பதிவுகள் நூறு ஆண்டுகளுக்குப் பின் எவரும் பார்க்கத் திறந்து விடப்படுகின்றன. கரண்டியில் முழுப் பெயரும் நாளும் இருந்தமையால் மருமகன் பிறப்புப் பதிவை ஒரு மாதத்தில் கண்டுபிடித்தான். முத்திரையில் ஆம்ஸ்டர்டாம் இருந்தாலும் குழந்தை பிறந்தது ஹார்லெமில். முத்திரை வெள்ளி சோதிக்கப்பட்ட ஊரையே சொல்லும், குழந்தையின் ஊரையன்று. தந்தை தச்சர் என்று பதிவில் இருந்தது. அத்தச்சரின் வழித்தோன்றலைத் தேட மேலும் பதினான்கு மாதங்கள் ஆயின. இறுதியில் கிடைத்தவர் எழுபத்தொன்பது வயதுப் பெண்மணி. அந்த எழுத்தருடைய தம்பியின் பேத்தி. எழுத்தருக்குக் குழந்தைகள் இல்லை என்றும், 1944இல் சுமாத்ராவில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அவர் இறந்தார் என்றும், அக்குடும்பத்தில் எஞ்சியவர் தாம் ஒருவரே என்றும் எழுதினார். பெரியவரின் புகைப்படம்கூட அவரிடம் இல்லையாம்.

கரண்டிகளை அனுப்பிவிடலாம் என்று முனைந்தோம். அங்கே ஒரு முடிச்சு. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைவேலைப்பாட்டுப் பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வயதை அறியாமல் அனுப்பியிருந்தால் ஒருவேளை போய்ச் சேர்ந்திருக்கும். சட்டத்தை மீறிய குற்றமும் எங்களைச் சேர்ந்திருக்கும். 1888 என்று நானே லென்ஸ் வைத்து நிறுவிய பிறகு, நானே எப்படி அனுப்புவது? இதை அப்பெண்மணிக்கு எழுதினோம். கூடவே, சாச்சியும் நாங்கள் மூவரும் கையொப்பமிட்டு, அந்த நாற்பது கில்டர் கடனை எங்கள் பாட்டனாரின் பெயரால் விட்டுவிட்டோம் என்றும் எழுதினோம்.

மறுமடல் வந்தது. கப்பல் கரண்டியையும் காற்றாலைக் கரண்டியையும் எங்களுக்கே அன்பளிப்பாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதியிருந்தார். பிறப்புக் கரண்டியின் படம் மட்டும், பொறிப்பு நன்றாகத் தெரியும்படி, வேண்டும் என்று கேட்டிருந்தார். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஆறு படங்கள் எடுத்து அனுப்பினேன்.

அன்பளிப்பாக வந்த இரண்டையும் தம்பிக்கே கொடுத்துவிடும்படி ராத்தா சொன்னார்கள். அவன் கப்பல் கரண்டியை விற்றான். வாங்க வந்தவர், "இது கம்பெனி காலத்துப் பொருளாமே?" என்று ஆவலோடு கேட்டபோது, தம்பி லென்ஸை நீட்டி வாளைக் காட்டி, "1900 வாக்கில் செய்தது, மற்ற மூன்றும் அழகுக்குக் குத்தியவை" என்றான். கிடைத்த தொகையில் அவனுடைய கடனில் ஒரு மூலைகூட அடையவில்லை. வீட்டுப் பங்கை முறைப்படி பிரித்து, அதில்தான் மீதியை அடைத்தான். காற்றாலைக் கரண்டியை விற்க அவன் மகள் விடவில்லை.

பிறப்புக் கரண்டி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. உம்மாவின் பச்சைத் துணி நைந்து போனதால் புதுத் துணி மாற்றினோம். அதனுள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறேன்: இன்னாருடையது, இன்ன ஆண்டு ஈடாக வந்தது, கடன் தீர்ந்தது, பொருள் அவர்களுடையது என்று. தமிழில் நான் எழுதினேன். அதன் கீழே சாச்சி அரபுத்தமிழில் எழுதினார்கள். கை நடுங்கியதால் மூன்று வரி எழுத ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அப்பெண்மணியின் மகள் வரும் குளிர்காலத்தில் நாகூர் வந்து கரண்டியைப் பார்க்க விரும்புவதாகச் செய்தி வந்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், வந்தால் லென்ஸை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.